சேவகர் ஆட்சியாளரான கதை: சிறுவர் வாழ்க்கை வரலாற்று நோக்கில் மருது சகோதரர்களும் அமெரிக்கப் படைவீரத் தலைவர்களும்

ஆய்வுச்சுருக்கம்

எளிய நிலையில் பிறந்து, படைவீரனாக உயர்ந்து, நாட்டின் தலைமையை அடைந்த ஒருவரின் வாழ்க்கையைச் சிறுவர்க்கு எடுத்துரைப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் தனி இலக்கிய வகையாக வளர்ந்தது. சிவகங்கைச் சீமையில் அரண்மனைச் சேவகர்களாகத் தொடங்கி ஆட்சிப் பொறுப்பை ஏற்ற மருது சகோதரர்களின் வாழ்க்கையும் அதே அமைப்பைக் கொண்டது. ஆயினும் அவ்வமைப்பு இங்கே எதிர்த்திசையில் கையாளப்பட்டுள்ளது. அமெரிக்காவில் எளிய பிறப்பு புகழுக்குரிய தகுதியாயிற்று. சிவகங்கையில் அதுவே கும்பினியார் சுமத்திய குற்றச்சாட்டாயிற்று. இவ்வேறுபாடு சிறுவர்க்கான வரலாற்று எழுத்தில் எத்தகைய விளைவுகளை உண்டாக்கியுள்ளது என்பதையும், காளையார்கோவில் கோபுரம் பற்றிய வாய்மொழி வழக்கை அந்நூல்கள் எவ்வாறு கையாள வேண்டும் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மருது சகோதரர்கள், காளையார்கோவில், சிறுவர் வாழ்க்கை வரலாறு, ஜேம்ஸ் வெல்ஷ், வாஷிங்டன், வாய்மொழி வழக்காறு.

முன்னுரை

சங்க இலக்கியம் கானப்பேரெயில் என்று குறிக்கும் ஊரே இன்றைய காளையார்கோவில் ஆகும். வேங்கைமார்பன் என்பானிடமிருந்து உக்கிரப்பெருவழுதி இவ்வூர்க் கோட்டையைக் கைப்பற்றிய செய்தியைப் புறநானூறு கூறுகிறது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கானப்பேரும் இதுவே. காவற்காடும் கோட்டையும் கோயிலும் ஒருங்கே அமைந்த இவ்வூர், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் ஒரு போர்க்களமாயிற்று. 1772இல் சிவகங்கையின் இரண்டாம் மன்னர் முத்துவடுகநாதத் தேவர் இங்கே வீழ்ந்தார். 1801இல் மருது சகோதரர்களின் இறுதி அரணாக விளங்கியதும் இவ்வூரே. அவர்களுடைய நினைவிடம் இன்றும் கோயிலின் எதிரே உள்ளது. ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் அங்கு மக்கள் திரளாகக் கூடி வழிபடுகின்றனர். பெற்றோரின் கைப்பிடித்து அங்கு வரும் சிறுவர், மருதுவின் கதையை முதலில் செவிவழியே கேட்கின்றனர். பின்னர்ப் பாடநூலிலும் சிறுவர் நூல்களிலும் படிக்கின்றனர்.

சிறுவயதில் பதியும் வரலாறு பிற்காலத்தில் எளிதில் மாறுவதில்லை. ஆதலின் சிறுவர்க்கான வாழ்க்கை வரலாற்றை ஆய்வுலகம் தன் எல்லைக்குப் புறம்பானதாகக் கருதி ஒதுக்குவது பொருந்தாது. பல்கலைக்கழக ஆய்வேடுகளைப் படிப்போர் சிலரே. சிறுவர் நூல்கள் உருவாக்கும் வரலாற்றுணர்வையே பெரும்பாலோர் வாழ்நாள் முழுதும் சுமக்கின்றனர். இக்கருத்தை அடிப்படையாகக் கொண்டு, உலக இலக்கியத்தில் இவ்வகைக்கு முன்மாதிரியாக அமைந்த அமெரிக்க வாழ்க்கை வரலாறுகளோடு மருது சகோதரர்களின் வரலாறு இங்கு ஒப்பிடப்படுகிறது.

அமெரிக்க முன்மாதிரி

அமெரிக்கப் படைகளின் தலைமைத் தளபதியாக 1775இல் பொறுப்பேற்று, 1789 முதல் 1797 வரை முதல் குடியரசுத் தலைவராக விளங்கிய ஜார்ஜ் வாஷிங்டன் 1799 டிசம்பர் 14 அன்று மறைந்தார். அடுத்த ஆண்டே மேசன் லாக் வீம்ஸ் என்னும் சமயகுரு அவரது வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். நூல் விற்பனையிலும் ஈடுபட்டிருந்த வீம்ஸ், இளையோர் எதை விரும்பிப் படிப்பர் என்பதை நன்கறிந்தவர். 1806இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில் புகழ்பெற்ற செர்ரி மரக் கதை இடம்பெற்றது. தந்தை போற்றி வளர்த்த மரத்தைக் கோடரியால் வெட்டிய சிறுவன், பொய் கூற மறுத்து உண்மையை ஒப்புக்கொண்டான் என்பது அக்கதை. பெயர் குறிப்பிடாத ஒரு மூதாட்டியிடம் கேட்டதாக வீம்ஸ் எழுதினாரேயன்றி வேறு சான்று காட்டவில்லை. வரலாற்றாய்வாளர் இதனைப் புனைவு என்றே கொள்கின்றனர். ஆயினும் பள்ளி வாசிப்பு நூல்களின் வழியே அக்கதை பல தலைமுறைச் சிறுவர்களைச் சென்றடைந்தது. ஆபிரகாம் லிங்கன் இளமையில் வீம்ஸின் நூலைப் படித்ததை 1861இல் நியூஜெர்சி சட்டமன்ற அவையில் தாமே நினைவுகூர்ந்தார். நேர்மையைக் கற்பிக்கும் கதை தானே நேர்மையான சான்றின்றி நிற்பது இவ்விலக்கிய வகையின் அடிப்படை முரண் எனலாம்.

வாஷிங்டன் நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்குப் பின் வந்த படைவீரத் தலைவர்கள் சிலரிடத்தில் கதையின் மையம் நேர்மையிலிருந்து எளிய பிறப்புக்கு நகர்ந்தது. மரக்கட்டைக் குடிலில் பிறந்து குடியரசுத் தலைவரானவர் என்ற புகழுரை ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு வாய்த்தது. உள்நாட்டுப் போரில் படைத்தலைவராகப் பணியாற்றிய ஜேம்ஸ் கார்ஃபீல்டு 1881இல் குடியரசுத் தலைவரானபோது, அவர் இளமையில் கால்வாய்ப் படகில் வேலை செய்ததை மையமாக்கிச் சிறுவர் நூல்கள் எழுந்தன. உழைப்பால் உயரலாம் என்னும் படிப்பினையே அவற்றின் உயிர்நாடி.

இவ்விலக்கிய மரபு எந்த அளவுக்கு ஆற்றல் பெற்றிருந்தது என்பதற்கு வில்லியம் ஹென்றி ஹாரிசன் சான்றாவார். 1811இல் டிப்பகனூ போரில் புகழ்பெற்ற இவர் 1840 தேர்தலில் மரக்கட்டைக் குடிலின் மைந்தராக மக்கள் முன் நிறுத்தப்பட்டார். உண்மையில் இவர் வர்ஜீனியாவின் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் விடுதலைச் சாற்றுரையில் கையொப்பமிட்டவர்களுள் ஒருவர். உயர்குடியில் பிறந்தவரும் எளியவராக வேடம் புனைய வேண்டிய அளவுக்கு அங்கே எளிய பிறப்பு மதிப்புப் பெற்றிருந்தது. சிவகங்கையின் நிலை இதற்கு நேர்மாறானது.

மருது சகோதரர்களின் உயர்வு

நரிக்குடியை அடுத்த முக்குளத்தைச் சேர்ந்தவர்களாகக் கூறப்படும் பெரிய மருது, சின்ன மருது ஆகியோரின் பிறப்பாண்டுகள் முறையே 1748, 1753 எனப் பொதுவாகக் குறிக்கப்பெறுகின்றன. இருவரும் முத்துவடுகநாதத் தேவரின் அரண்மனைப் பணியில் சேர்ந்து, வீரத்தாலும் விசுவாசத்தாலும் அவரது நம்பிக்கையைப் பெற்றனர். 1772 ஜூன் 25 அன்று ஆர்க்காட்டு நவாபுக்காகப் போரிட்ட கும்பினிப் படைகள் ஜோசப் ஸ்மித், பான்ஜோர் ஆகியோர் தலைமையில் காளையார்கோவிலைத் தாக்கின. மன்னர் கொல்லப்பட்டார். அரசி வேலுநாச்சியாரும் மகள் வெள்ளச்சியும் திண்டுக்கல் பகுதியில் உள்ள விருப்பாச்சியில் அடைக்கலம் புகுந்தனர். அமைச்சர் தாண்டவராய பிள்ளையும் மருது சகோதரர்களும் அரசிக்குத் துணைநின்றனர். ஐதர் அலியின் உதவியோடு 1780இல் சிவகங்கை மீட்கப்பட்டது.

மீட்புக்குப் பின் ஆட்சி நிர்வாகமும் படைப் பொறுப்பும் மருது சகோதரர்களின் கைக்கு வந்தன. அரசுரிமை முத்துவடுகநாதரின் மரபுக்கு உரியதாகவே கருதப்பட்டது. ஆட்சியின் நடைமுறை அதிகாரமோ மருது சகோதரர்களிடம் இருந்தது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு நுட்பமானது. வேலுநாச்சியார் 1796இல் மறைந்த பின்னர் இவ்வேறுபாடு அரசியல் முதன்மை பெற்றது.

ஆட்சி நடைமுறைக்கு அக்காலத்தவர் ஒருவரின் நேரடிச் சான்று கிடைக்கிறது. கும்பினிப் படையதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட தம் படைவாழ்வு நினைவுக்குறிப்புகளில், 1795 பிப்ரவரியில் சிறுவயலில் சின்ன மருதுவைச் சந்தித்ததை விரிவாக எழுதுகிறார். சின்ன மருது கருநிறமும் பருத்த உடலும் அழகிய தோற்றமும் உடையவர், இன்முகத்தோடு பழகியவர். அவரது கண்ணசைவே மக்களுக்குச் சட்டமாக இருந்தபோதும் அவர் வாழ்ந்த அரண்மனையில் ஒரு காவலர்கூட இல்லை. விரும்பியவர் எவரும் உள்ளே வரவும் வெளியே செல்லவும் முடிந்தது என்பது வெல்ஷின் கூற்று. மதுரையில் இருந்த காலத்தில் தமக்கு அரிசியும் பழங்களும் அனுப்பி வைத்தவர் அவர் என்றும், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுக்கொடுத்தவர் அவரே என்றும் வெல்ஷ் குறிப்பிடுகிறார். பெரிய மருது ஆட்சிப் பொறுப்பில் நாட்டமின்றி வேட்டையிலேயே காலம் கழித்த பேருடலும் பெருவலிமையும் கொண்டவர். ஆர்க்காட்டு வெள்ளி நாணயத்தை விரலால் வளைக்கும் ஆற்றல் படைத்தவர் என்று சொல்லப்பட்டவர்.

சிறுவர் வாழ்க்கை வரலாற்றுக்கு இதைவிடச் சிறந்த மூலப்பொருள் கிடைத்தல் அரிது. காவலில்லாத அரண்மனை, வேற்று நாட்டு இளைஞனுக்கு வளரி கற்பித்த தலைவர், நாணயத்தை வளைக்கும் அண்ணன் ஆகிய காட்சிகளைப் புனைய வேண்டியதில்லை. அவை சான்றோடு உள்ளன. வாஷிங்டனின் இளமைக்குச் சான்று இல்லாத இடத்தை வீம்ஸ் கற்பனையால் நிரப்பினார். மருதுவின் எழுத்தாளருக்கோ அத்தகைய நெருக்கடி இல்லை. இருந்தும் நம் மேடைகளிலும் எளிய நூல்களிலும் பெரிதும் ஒலிப்பவை இக்காட்சிகள் அல்ல என்பது சிந்திக்கத்தக்கது.

'சேவகர்' என்னும் குற்றச்சாட்டு

1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். அவ்வாண்டு மே மாதத்தில் பாஞ்சாலங்குறிச்சி மீண்டும் வீழ்ந்தபின் அவர் சிவகங்கைக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு அடைக்கலம் அளித்ததால் சிவகங்கையின் மீது போர் மூண்டது. கர்னல் அக்னியூ தலைமையில் கும்பினிப் படைகள் திரண்டன.

பீரங்கிகளை மட்டும் நம்பிக் கும்பினியார் இப்போரை நடத்தவில்லை. அரசுரிமை வாதத்தையும் ஆயுதமாக்கினர். மருது சகோதரர்கள் மன்னர் மரபினர் அல்லர். சேவகர்களாக இருந்து அதிகாரத்தைக் கைப்பற்றியோர். உரிமையுள்ள வாரிசுக்கே நாடு சேர வேண்டும் என்பது அவ்வாதத்தின் சாரம். போர் முடிவதற்கு முன்பே, 1801 செப்டம்பரில், படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரைச் சோழபுரத்தில் சிவகங்கையின் தலைவராக அமர்த்தினர். மருதுவின் ஆதரவாளர்களைப் பிரிப்பதே இதன் நோக்கம். மரபுரிமை மீது கும்பினியாருக்குத் தனிப்பற்று இருந்ததெனக் கொள்வதற்கில்லை. 1772இல் அவ்வரச மரபின் மன்னரையே கொன்ற படை அவர்களுடையதே. எனவே 'சேவகர்' என்னும் சொல் இப்போரில் ஓர் உத்தியாகப் பயன்பட்டது எனத் துணியலாம்.

இதற்கு மருதுவின் தரப்பு அளித்த விடை கவனத்துக்குரியது. 1801 ஜூன் மாதத்தில் திருச்சிராப்பள்ளிக் கோட்டை வாயிலிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்ட அறிக்கை மருதுபாண்டியன் பெயரால் வெளிவந்தது. நாவலந்தீவின் எல்லாச் சாதியினரையும் முஸ்லிம்களையும் விளித்த அவ்வறிக்கை, கும்பினிப் படையில் ஊழியம் செய்த நம்மவரையும் அழைத்தது. அதில் கையொப்பமிட்டவர் தம்மை அரசர் என்று கூறவில்லை; பேரரசர்களின் ஊழியர் என்றே குறித்தார். பகைவர் இழிவாக வீசிய சொல்லைத் தம் பெருமையாக அவரே ஏற்றுக்கொண்டார். கும்பினியாரின் வாதத்தில் ஊழியம் உரிமையின்மைக்கு அடையாளமாயிற்று. அறிக்கையிலோ அதுவே நாட்டைக் காக்கும் கடமைக்கு அடிப்படையாயிற்று.

இவ்விடத்தில்தான் பிற்காலப் புகழ்மொழிகள் தடம் மாறுகின்றன. மருது சகோதரர்களைப் பிறப்பிலேயே மன்னர்களாகக் காட்டும் போக்கு மேடைப் பேச்சிலும் எளிய வரலாற்று எழுத்திலும் பரவலாக உள்ளது. கும்பினியாரின் இழிவுரைக்கு மறுப்புக் கூறும் விழைவே இதன் பின்னணி என்பதால் அதன் உணர்வைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அம்மறுப்பு, எளியவர் ஆளத் தகுதியற்றவர் என்னும் கும்பினியாரின் அடிப்படைக் கருத்தை ஏற்றுக்கொண்டு, இவர்கள் எளியவர் அல்லர் என்று மட்டுமே வாதிடுகிறது. ஹாரிசனின் ஆதரவாளர்கள் உயர்பிறப்பை மறைத்தனர். நாமோ எளிய பிறப்பை மறைக்கிறோம். இரண்டிலும் உண்மை ஒருசேர இழக்கப்படுகிறது. எனினும் நம் இழப்பு பெரிது. அரச குலத்தில் பிறவாத பெரும்பான்மைச் சிறுவர்க்கு இவ்வரலாறு தரக்கூடிய தலையாய ஊக்கமே அதனால் மறைந்துபோகிறது.

கோபுரமும் செர்ரி மரமும்

காளையார்கோவிலின் உயர்ந்த இராசகோபுரம் மருது சகோதரர்களின் திருப்பணியாகப் போற்றப்படுகிறது. மானாமதுரையில் சுட்ட செங்கற்களை மக்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கோயிலுக்குக் கொண்டுவந்தனர் என்பது வாய்மொழி வழக்கு. அக்கோபுரத்தோடு இணைந்த மற்றொரு கதை மேலும் புகழ்பெற்றது. மருது சகோதரர்கள் சரணடையாவிடில் கோபுரத்தைப் பீரங்கியால் தகர்ப்பதாகக் கும்பினித் தளபதி அறிவித்தார்; கோபுரத்தைக் காக்கும்பொருட்டு அவர்கள் தாமே வந்து சரணடைந்தனர் என்பது அக்கதை.

வெல்ஷின் குறிப்பு வேறு விதமானது. கும்பினியார் முதலில் சிறுவயல் பக்கமிருந்து காட்டை வெட்டிச் சாலை அமைக்க ஏறத்தாழ ஒரு மாதம் முயன்று, தோற்றுப் பின்வாங்கினர். பின்னர்ப் பல முனைகளில் தாக்கி 1801 அக்டோபர் 1 அன்று காளையார்கோவிலைக் கைப்பற்றினர். மருது சகோதரர்கள் காட்டுக்குள் மறைந்தனர். விலங்கைப் போல வேட்டையாடப்பட்டு, படுகாயமுற்ற நிலையில் சாதாரணச் சேவகர்களால் சின்ன மருது பிடிக்கப்பட்டதையும், தொடை எலும்பு முறிந்து சிறையில் கிடந்ததையும் தாமே கண்டதாக வெல்ஷ் எழுதுகிறார். அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் சகோதரர் இருவரும் தூக்கிலிடப்பட்டனர்.

இரு கூற்றுகளையும் அணுகும்போது ஆய்வாளர் இரண்டு எல்லைகளைத் தவிர்த்தல் வேண்டும். வெல்ஷ் கும்பினியின் அதிகாரி; நிகழ்ச்சிக்குப் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து நூலை வெளியிட்டவர். அவர் எழுதியதாலேயே அனைத்தும் மெய் என்று கொள்வதற்கில்லை. ஆயினும் தம் தரப்பின் கொடுமையை மறைக்காமல் எழுதியவர் என்பதும், பிடிபட்டவரைக் கண்ணாரக் கண்டவர் என்பதும் அவரது கூற்றுக்கு வலுச் சேர்க்கின்றன. மறுபுறம், வாய்மொழி வழக்கைப் பொய் என ஒரே சொல்லில் தள்ளுவதும் முறையன்று. கோயில் பகைவர் கைவசம் சென்ற பின்னரே மருது சகோதரர்கள் பிடிபட்டனர். ஆதலின் கோபுரத்துக்கு மிரட்டல் விடுக்கப்பட்டிருக்கும் வாய்ப்பைக் காலவரிசை மறுக்கவில்லை. ஆனால் எலும்பு முறிந்து, காயத்தோடு பிடிபட்டதைத் தாமாகச் சரணடைந்ததாகக் கூறுவதற்கில்லை.

செர்ரி மரக் கதைக்கும் கோபுரக் கதைக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. முன்னது தனியொரு நூலாசிரியரின் நூல்வழிப் பரவியது. பின்னது தலைவர்களை இழந்த மக்களின் துயரத்தில் தோன்றி, அவர்களது வழிபாட்டில் வாழ்வது. தூக்கிலிடப்பட்டவர்களின் தலைகள் கோபுரத்தை நோக்கியவாறு காளையார்கோவிலில் புதைக்கப்பட்டன என்னும் வழக்கோடு அது பிணைந்துள்ளது. தம் தலைவர்கள் பிடிபட்டனர் என்பதைவிடத் தம்மைத் தாமே அளித்தனர் என்று சொல்வது மக்களுக்கு ஆறுதலாக அமைந்தது. அத்துடன் அவர்களைக் காட்டிக்கொடுத்தும் பிடித்தும் கொடுத்த நம்மவரின் பங்கையும் இக்கதை மறைத்துவிடுகிறது. பகைவனை வெளியில் மட்டுமே வைத்துக் காட்டுவதற்கு அது உதவுகிறது. எனவே இக்கதை மருதுவின் முடிவைப் பற்றிய சான்றாக அமைவதைக் காட்டிலும், அம்முடிவை மக்கள் எவ்வாறு தாங்கிக்கொண்டனர் என்பதற்கான சான்றாகவே பெருமதிப்புடையது.

சிறுவர் நூலில் இதனை விலக்க வேண்டியதில்லை. "இப்பகுதி மக்கள் இவ்வாறு சொல்கின்றனர், அக்காலத்தில் நேரில் கண்ட ஒருவர் இவ்வாறு எழுதினார்" என இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால், பத்து வயதுச் சிறுவரும் வேறுபாட்டை உணர்வர். கதையை இழக்காமலே சான்று என்றால் என்ன என்பதையும் அவர்கள் கற்றுக்கொள்வர்.

விடுபடும் பக்கங்கள்

சிறுவர் வாழ்க்கை வரலாறு எதைக் கூறுகிறது என்பதைப் போலவே எதை விடுக்கிறது என்பதும் ஆராயத்தக்கது. வாஷிங்டன் மறைந்த 1799ஆம் ஆண்டில் அவரது மவுண்ட் வெர்னன் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தனர். விடுதலைப் போரின் தலைவர் அடிமைகளின் உழைப்பில் வாழ்ந்தார் என்னும் செய்திக்கு அமெரிக்கச் சிறுவர் நூல்களில் நெடுங்காலம் இடம் இருந்ததில்லை. அண்மைக்காலத்தில் அங்கு அப்பக்கங்களும் எழுதப்படுகின்றன. அதனால் வாஷிங்டனின் பெயர் அழிந்துவிடவில்லை. அவரை மனிதராக அறியும் வழி திறந்துள்ளது.

மருதுவின் வரலாற்றில் விடுபடும் பக்கங்கள் மூன்று. முதலாவது, வேலுநாச்சியாரின் அரசியல் தலைமை. 1772 முதல் 1780 வரை நாடிழந்து வாழ்ந்த காலத்தில் சிவகங்கையின் உரிமைக்கு உயிர்கொடுத்தவர் அவரே. மருது சகோதரர்களின் உயர்வைத் தனித்துக் காட்டும் நூல்கள் அவரை முன்கதையாகச் சுருக்கிவிடுகின்றன. அவரைத் தனித்துக் காட்டும் நூல்கள் இவர்களைப் பின்னணியாக்குகின்றன. ஒருவரையொருவர் சார்ந்து நின்ற உறவே வரலாற்றில் காணப்படுவது.

இரண்டாவது, எதிரணியில் நின்ற நம்மவர். புதுக்கோட்டைத் தொண்டைமானும் எட்டயபுரத்தாரும் கும்பினிக்குத் துணைநின்றனர். கும்பினிப் படையின் பெரும்பகுதியினர் இந்தியச் சிப்பாய்களே. திருச்சிராப்பள்ளி அறிக்கை அவர்களையும் நோக்கிப் பேசியதற்கு இதுவே காரணம். இதனைக் கூறாவிடில் அவ்வறிக்கையின் அவசரமும் துயரமும் சிறுவர்க்கு விளங்கா. ஒரு சாதியின் புகழுக்குரியவராக மட்டும் மருதுவைச் சுருக்கும் இன்றைய போக்குக்கும் அவ்வறிக்கையே விடையாகும். எல்லோரையும் விளித்தவரை ஒரு பிரிவுக்குள் அடக்குவது அவரது சொல்லுக்கே மாறானது.

மூன்றாவது, ஒரு சிறுவனின் கதை. சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமிக்குத் தந்தை தூக்கிலிடப்பட்டபோது ஏறத்தாழ பதினைந்து வயது. அவனும் பிற கிளர்ச்சியாளர்களும் 1802இல் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். 1818இல் வெல்ஷ் பினாங்கு சென்றபோது தளர்ந்து முதியவரைப் போலத் தோன்றிய ஒருவர் அவரைத் தேடிவந்தார். பெயரைக் கேட்ட பின்னரே அவர் துரைசாமி என்று வெல்ஷ் அறிந்தார். அப்போது துரைசாமியின் வயது முப்பத்தைந்தைக்கூடத் தாண்டவில்லை. தம்மால் அவருக்கு எவ்வுதவியும் செய்ய இயலவில்லை என்று வெல்ஷ் மனம் நொந்து எழுதுகிறார். தந்தையிடம் வளரி வீசக் கற்ற ஒருவர், நாடு கடத்தப்பட்ட மகனின் எதிரே செய்வதறியாது நின்ற காட்சி அது. போரின் விலையைச் சிறுவர்க்கு உணர்த்த இதனினும் தகுந்த நிகழ்ச்சி இல்லை. வாசிக்கும் சிறுவரின் வயதை ஒட்டியவன் துரைசாமி. ஆயினும் வீரமுழக்கத்தோடு முடிய வேண்டும் என்னும் எதிர்பார்ப்பால், தூக்குமேடையோடு கதை நிறுத்தப்படுகிறது. துரைசாமி கரையிலேயே மறக்கப்படுகிறான்.

தமிழ்ச் சிறுவர் இலக்கியத்தின் பங்கு

செட்டிநாட்டுப் பகுதிக்குச் சிறுவர் இலக்கியத்தில் தனியிடம் உண்டு. இராயவரத்தில் பிறந்த அழ. வள்ளியப்பா, 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றக் காரணமானவர். 'பெரியோர் வாழ்விலே', 'சின்னஞ்சிறு வயதில்' ஆகிய நூல்களின் வழியே பெரியோர் வாழ்வின் சிறு நிகழ்ச்சிகளைக் குழந்தைகளுக்கு ஏற்ற எளிய நடையில் தரும் மரபை அவர் வளர்த்தார். மருது பற்றிய ஆய்வுக்கும் தமிழில் வலிமையான அடித்தளம் உள்ளது. ந. சஞ்சீவி, எஸ். எம். கமால் ஆகியோரின் நூல்களும், கே. ராஜய்யன் 1971இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தென்னிந்தியக் கிளர்ச்சி பற்றிய ஆய்வும் ஆவணங்களை முறைப்படுத்தின. சிவகங்கைச் சரித்திரக் கும்மி, அம்மானை ஆகிய கதைப்பாடல்கள் மக்கள் நினைவைச் சுவடியாகப் பாதுகாத்தன. கண்ணதாசன் 1959இல் தயாரித்த 'சிவகங்கைச் சீமை' திரைப்படம் பெயர்களை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. அறிந்தவற்றை அறியாதவர்க்குக் கொண்டுசெல்லும் சிறுவர் நூல்களே இவ்விரு மரபுகளையும் இணைக்க வேண்டியவை.

அத்தகைய நூல்களுக்குச் சில நெறிகளை இவ்வாய்வு முன்வைக்கிறது. சான்றுள்ள நிகழ்ச்சியையும் வாய்மொழி வழக்கையும் சொல்லமைப்பிலேயே வேறுபடுத்திக் காட்டல் வேண்டும். தலைவர்களின் வாயில் புனைந்த உரைகளை வைத்தல் கூடாது. சேவகர், ஊழியர் என்னும் சொற்களை நாணமின்றி ஆளுதல் வேண்டும். எதிரணியினரையும் பெயரிட்டுக் கூறுதல் வேண்டும். தோல்விக்குப் பின் உயிரோடு எஞ்சியவர்க்கு என்ன நேர்ந்தது என்பதையும் ஒரு பக்கமேனும் எழுதுதல் வேண்டும்.

முடிவுரை

வாஷிங்டனின் மறைவும் மருது சகோதரர்களின் மறைவும் இரண்டே ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்தன. 1781இல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் படை பணிந்த கார்ன்வாலிஸ், ஐந்தாண்டுகளில் கும்பினி ஆட்சியின் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்தார். ஒரே பேரரசை எதிர்த்த இருவேறு போர்களில் ஒன்று வென்றது, மற்றொன்று தோற்றது. வென்றவரின் எளிய வழித்தோன்றல்கள் தம் எளிமையைப் புகழாக எழுதிக்கொண்டனர். தோற்றவரின் எளிமையைப் பகைவர் பழியாக எழுதினர். அப்பழியை நீக்க விரும்பிய நாமோ எளிமையையே நீக்கிவிட்டோம்.

திருச்சிராப்பள்ளிக் கோட்டை வாயிலில் தம்மை ஊழியர் என்று எழுதி ஒப்பமிட்டவருக்கு அத்தகைய பாதுகாப்புத் தேவைப்படவில்லை. அவர் எழுதியவாறே அவரைச் சிறுவர்க்கு அறிமுகப்படுத்துவது வரலாற்றுக்கும் நேர்மையானது. காளையார்கோவில் கோபுரத்தின் நிழலில் நின்று அக்கதையைக் கேட்கும் எளிய வீட்டுப் பிள்ளைகளுக்கும் உரிமையானது.